பேராதனையும் புசல்லாவையும்: அரச பல்கலைக்கழகத்தின் முன்னுரிமைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் பல்கலைக்கழகம் யாருக்காக நடத்தப்படுகின்றது என்ற வினாவிற்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு விடையும் சமூக வரலாற்றில் வேறொரு விடையும் கிடைப்பதுண்டு. பொதுமக்களின் வரிப்பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகம் பொதுமக்கள் அனைவருக்கும் உரியது என்பது சட்டத்தின் விடை. அதன் வாயிலை அடையும் வழி எவர் எவருக்குத் திறந்திருந்தது என்று ஆராய்ந்து பெறுவது வரலாற்றின் விடை. இவ்விரு விடைகளுக்கும் இடையிலான தூரத்தை அளப்பதற்கு இலங்கையில் பேராதனையையும் புசல்லாவையையும் விடப் பொருத்தமான இரு இடங்கள் கிடைப்பது அரிது.

கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் நெடுஞ்சாலை பேராதனையைக் கடந்து, கம்பளை ஊடாக மலையேறிப் புசல்லாவையை அடைந்து, அங்கிருந்து றம்பொடை நோக்கிச் செல்கின்றது. பேராதனைக்கும் புசல்லாவைக்கும் இடைப்பட்ட தூரம் நாற்பது கிலோமீற்றருக்கும் குறைவானதே. நாட்டின் முதலாவது வதிவிடப் பல்கலைக்கழகம் இச்சாலையின் ஓரத்தில் அமைந்தது. நாட்டின் பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் மிகப் பழைய களங்களுள் ஒன்றும் இதே சாலையின் ஓரத்திலேயே அமைந்துள்ளது. சாலை ஒன்றாயினும் அவ்விரண்டிற்கும் இடையே கல்விப் பாதை ஒன்று அமைவதற்கு மிக நீண்ட காலம் சென்றது. அதற்கான காரணங்களை ஆராய்வது, அரச பல்கலைக்கழகம் ஒன்றின் பணி யாது, அதன் முன்னுரிமைகள் எவையாதல் வேண்டும் என்ற பொது வினாவிற்கும் ஒளி தருவதாகும்.

தோட்டமும் பள்ளிக்கூடமும்

புசல்லாவையின் நவீன வரலாறு கோப்பியுடன் தொடங்குகின்றது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் மலைநாட்டு நிலங்களைப் பெருந்தோட்ட முதலாளிகளின் கைக்கு மாற்ற வழிகோலியது. அதற்கு அடுத்த ஆண்டில், றொத்சைல்ட் குடும்பத்தின் உறவினரான டி வேர்ம்ஸ் சகோதரர் புசல்லாவையில் நிறுவிய றொத்சைல்ட் தோட்டத்தில் சீனத் தேயிலைக் கன்றுகள் சோதனையாக நடப்பட்டன. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் வர்த்தக நோக்கிலே தேயிலை பயிரிட்ட 1867ஆம் ஆண்டிற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு முந்திய நிகழ்ச்சி இது. 1869ஆம் ஆண்டளவில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், தேயிலையே மலைநாட்டின் பயிராயிற்று.

பயிர் மாறியது, உழைப்பாளர் மாறவில்லை. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்களும் அவர்தம் சந்ததியினருமே கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் இம்மலைகளில் உழைத்தனர். கோப்பி பருவகாலப் பயிராதலால் தொழிலாளர் வந்து திரும்பினர். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டியிருந்தமையால் குடும்பங்கள் லயங்களில் நிலைபெற்றன. குடும்பங்கள் நிலைபெற்றபோது பிள்ளைகளின் கல்வி பற்றிய பிரச்சினையும் எழுந்தது.

இப்பிரச்சினைக்கு அன்றைய அரசு கண்ட தீர்வு, அதனைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விடுவதாகும். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்ட உரிமையாளர்மீது சுமத்தின. ஆயின், பிள்ளை படித்து முன்னேறுவதால் தொழிலாளியை இழக்கும் ஒருவரிடமே அப்பிள்ளையின் கல்விப் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது என்பது ஈண்டு நோக்கற்பாலது. விளைவு எதிர்பார்க்கத்தக்கதாகவே இருந்தது. ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை, பல வகுப்புகள், ஐந்தாம் வகுப்புடன் முடிவு என்பதே தோட்டப் பாடசாலையின் பொதுத் தோற்றமாயிற்று. எழுத்தறிவின் தொடக்கத்தைத் தருவதற்கு அப்பால் இப்பாடசாலை எங்கும் இட்டுச் செல்லவில்லை.

பல்கலைக்கழகக் கோரிக்கையும் தொழிலாளர் நலனும்

தோட்டப் பாடசாலைச் சட்டங்கள் உருவான அதே காலப்பகுதியிலேதான் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கையும் வலுப்பெற்றது. 1906இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தின் முன்னணியில் நின்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு மாணவரைத் தயார்ப்படுத்தும் கல்வி, நாட்டின் மொழிகளையும் வரலாற்றையும் பண்பாட்டையும் புறக்கணிக்கின்றது என்பது அவ்வியக்கத்தினரின் முறைப்பாடாகும். இக்கிளர்ச்சியின் பயனாக 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது.

அருணாசலம் பல்கலைக்கழகத்திற்காக மட்டும் போராடியவரல்லர். 1919இல் அவர் இலங்கைத் தொழிலாளர் சேமநலச் சங்கத்தை நிறுவித் தோட்டத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்தார். ஒரு தோட்டத்திலிருந்து வேறொரு தோட்டத்திற்குச் செல்லும் தொழிலாளியைக் கடனால் பிணைத்த துண்டு முறைக்கும், வேலையை விட்டுச் சென்றவரைச் சிறையிலடைத்த சட்டப் பிரிவுகளுக்கும் எதிராக அவர் குரல் கொடுத்தார். இவை 1920களின் தொடக்கத்தில் நீக்கப்பட்டன. உயர்கல்வியும் உழைப்பாளரின் விடுதலையும் ஒரே சமூக முன்னேற்றத்தின் இரு கூறுகள் என்ற தெளிவு அவரது பொதுவாழ்விலே காணப்படுகின்றது. பேராதனை வளாகத்தில் அவர் பெயரால் அமைந்த அருணாசலம் மண்டபம் இன்றும் உள்ளது. ஆயினும் அவர் மனத்தில் இணைந்திருந்த இரு நோக்கங்களும் அவருக்குப்பின் வேறு வேறு வழிகளிற் சென்றன. ஒன்று கட்டடமாக எழுந்தது, மற்றையது காத்திருந்தது.

1942ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. அதன் முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். ஏறத்தாழ 900 மாணவருடன் தொடங்கிய அப்பல்கலைக்கழகம், ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் ஆகியவற்றை முன்மாதிரியாகக் கொண்டு வதிவிடப் பல்கலைக்கழகமாகத் திட்டமிடப்பட்டது. கொழும்பா கண்டியா என்று நீண்டகாலம் நிகழ்ந்த தலவிவாதத்தின் முடிவில், மகாவலியின் கரையில், முன்னர் தோட்டக் காணியாயிருந்த நிலத்திலே அது இடம்பெற்றது. 1949 முதல் படிப்படியாகப் பேராதனைக்கு இடம்பெயர்ந்து, 1954 ஏப்பிரலில் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அழகிய மண்டபங்களும் நூலகமும் எழுந்தன. ஆங்கில மொழியிற் கற்ற நகர்ப்புற மத்தியதர வகுப்பினரின் பிள்ளைகளே அதன் ஆரம்பகால மாணவருள் பெரும்பான்மையினர். பல்கலைக்கழகம் என்ற கட்டடத்தின் மேல்மாடி முதலிற் கட்டப்பட்டது. அதனை அடையும் படிகளைக் கட்டும் வேலை பாடசாலைகளிடம் விடப்பட்டது.

இலவசக் கல்வியும் அதன் எல்லையும்

அப்படிகளைக் கட்டும் பெருமுயற்சியே சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் பெயருடன் இணைத்துப் பேசப்படும் இலவசக் கல்வித் திட்டம். 1943இல் வெளியான விசேட குழுவின் அறிக்கையை அடியொற்றி, 1945 ஒக்டோபர் முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை கட்டணமின்றிக் கல்வி வழங்கப்பட்டது. கிராமங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. 1960ஆம் ஆண்டளவில் கலைப்பீடத்தில் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளானபோது, கிராமத்து விவசாயியின் மகனும் மகளும் பேராதனைக்கு வந்து சேர்ந்தனர். ஆசிய நாடுகளுள் இத்தகைய மாற்றத்தை இவ்வளவு விரைவிற் கண்ட நாடுகள் மிகச் சிலவே. இலங்கையின் அரச பல்கலைக்கழக அமைப்புப் பெருமைகொள்ளத்தக்க சாதனை இது என்பதில் ஐயமில்லை.

இச்சாதனையின் எல்லை தோட்ட வேலியுடன் நின்றது. இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளை உரியவாறு சென்றடையவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வாயிலாக அரசு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் ஒதுக்கப்பட்டன. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களால் அரசுடைமையான பின்னரே, அதாவது 1970களின் பிற்பகுதியிலேயே, பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் அரச கல்வி அமைப்பிற்குள் வந்தன. கிராமத்துப் பிள்ளைக்கு 1945இற் கிடைத்த தொடக்கம் தோட்டத்துப் பிள்ளைக்கு ஏறத்தாழ ஒரு தலைமுறை பிந்தியே கிடைத்தது எனலாம்.

இத்தாமதத்திற்கான காரணம் கல்வித்துறையினுள் மட்டும் தேடத்தக்கதன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் மலையகத் தமிழரின் பெரும்பகுதியினரைப் பிரசாவுரிமையும் வாக்குரிமையும் அற்றவர்களாக்கின. வாக்கில்லாத மக்களின் பாடசாலைக்காகப் பாராளுமன்றத்தில் வாதாடுவோர் குறைந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவிற்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியவர் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்குமிடையே சரிபாதியாகப் பகிரப்பட்டனர். எந்த நாட்டிற்கு உரியவர் என்பது தீர்மானமாகாத குடும்பத்தில் பிள்ளையின் உயர்கல்வி பற்றிய திட்டம் எழுவது எங்ஙனம்? படித்து முடித்தாலும் அரசாங்க உத்தியோகத்திற்குப் பிரசாவுரிமை வேண்டியிருந்தது. பட்டம் பெறுவதன் பயனே ஐயத்திற்குரியதாயிருந்த நிலையில், ஐந்தாம் வகுப்புடன் பிள்ளையைக் கொழுந்து மலைக்கு அனுப்பிய பெற்றோரைக் குறை கூறுவது நியாயமாகாது. நாடற்றோர் பிரச்சினை சட்டத்தளவில் முற்றாகத் தீர்வதற்கு 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அனுமதிக் கொள்கையும் மாவட்ட அலகும்

பல்கலைக்கழகத்தின் முன்னுரிமைகள் மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் அதன் அனுமதிக் கொள்கையே. 1970/71ஆம் கல்வியாண்டு தொட்டு மொழிவழியான தரப்படுத்தல் புகுத்தப்பட்டது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாண மாணவரிடையே இவை ஏற்படுத்திய ஏமாற்றமும் அதன் அரசியல் விளைவுகளும் பெரிதும் எழுதப்பட்டுள்ளன. மலையகத்தின் நோக்கில் இக்கொள்கை எவ்வாறு அமைந்தது என்பதோ குறைவாகவே ஆராயப்பட்டுள்ளது.

1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நிறுவப்பட்டதன் பின், திறமை அடிப்படையில் 30 வீதமும், மாவட்ட மக்கட்டொகைக்கு ஏற்ப 55 வீதமும், கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 15 வீதமும் என இடங்கள் வகுக்கப்பட்டன. இவ்விகிதம் பிற்காலத்தில் முறையே 40, 55, 5 என மாற்றப்பட்டது. நுவரெலியா மாவட்டம் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. கண்டி மாவட்டம் இடம்பெறவில்லை.

இத்திட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. வசதி குறைந்த பகுதியின் மாணவரை வசதி மிக்க பகுதியின் மாணவருடன் ஒரே கோலால் அளப்பது நீதியன்று என்ற கருத்தை அது ஏற்றுக்கொண்டது. ஆயின் அது தேர்ந்துகொண்ட அலகு மாவட்டம். மாவட்டம் நகரத்தையும் தோட்டத்தையும் வேறுபடுத்துவதில்லை. ஒதுக்கீடு மாவட்டத்தின் மொத்த மக்கட்டொகையைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. நுவரெலியா மாவட்ட மக்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் இந்திய வம்சாவளித் தமிழராயிருந்த காலத்தில், அவர்களது தலைகள் மாவட்டத்தின் இடங்களைக் கூட்டின. அவர்களது பிள்ளைகளுக்கோ உயர்தர வகுப்புள்ள பாடசாலைகள் அரிதாகவே இருந்தன. எண்ணிக்கையில் இடம்பெற்று அனுமதியில் இடம்பெறாத மக்கட்பிரிவொன்று இவ்வாறு உருவாயிற்று.

கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் எல்லையை ஒட்டி அமைந்த புசல்லாவைப் பிரதேசம் இம்முரண்பாட்டிற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அடுத்தடுத்த தோட்டங்களில் ஒரே வகை லயங்களில் ஒரே வருமானத்துடன் வாழும் இரு குடும்பங்களின் பிள்ளைகள், எல்லைக்கோட்டின் எப்பக்கத்துப் பாடசாலையிற் பயில்கின்றனர் என்பதைப் பொறுத்து இரு வேறு வெட்டுப்புள்ளிகளை எதிர்கொள்கின்றனர். ஒரு பிள்ளை பின்தங்கிய மாவட்டத்தவராகக் கணிக்கப்படும். மற்றைய பிள்ளை கண்டி நகரின் புகழ்பெற்ற கல்லூரிகளின் மாணவருடன் போட்டியிடும். அன்றியும், பின்தங்கிய மாவட்டத்திற்குரிய இடங்களைப் பெறும்பொருட்டுப் பிற மாவட்டங்களிலிருந்து வந்து பரீட்சை எழுதுவோர் பற்றிய முறைப்பாடுகளும் மலையகத்தில் நீண்டகாலமாக எழுந்து வந்துள்ளன. வறுமையை அளக்காமல் நிலப்பரப்பை அளக்கும் கொள்கையின் இயல்பான குறைபாடுகள் இவை.

பிற நாட்டு அனுபவம்

அரச பல்கலைக்கழகம் யாருக்குரியது என்ற வினா இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டின் மொரில் சட்டம், மாநிலங்களுக்குக் காணி வழங்கி, உழவும் பொறித்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவ வழிசெய்தது. உழைப்பவனின் தொழிலும் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குரிய பொருளே என்ற கொள்கை அங்கே சட்டமாயிற்று. கலிபோர்னியா மாநிலம் 1960இல் வகுத்த பெருந்திட்டம் மேலும் ஒரு படி சென்றது. உயர்நிலைப் பள்ளி மாணவருள் முதல் எட்டிலொரு பங்கினருக்கு ஆய்வுப் பல்கலைக்கழகமும், முதல் மூன்றிலொரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகளும், கற்க விரும்பும் ஏனைய அனைவருக்கும் சமுதாயக் கல்லூரிகளும் எனப் பணிகள் பிரிக்கப்பட்டன. சமுதாயக் கல்லூரியில் தொடங்கியவர் திறமை காட்டிப் பல்கலைக்கழகத்திற்கு மாறுவதற்கும் வழியிருந்தது. அத்திட்டமும் குறையற்றதன்று, பிற்காலத்தில் கட்டண உயர்வு அதன் வாக்குறுதியைப் பெரிதும் தேய்த்தது. எனினும், பதினெட்டு வயதில் எழுதும் ஒரு பரீட்சையே ஒருவரின் கல்வி விதியை முற்றாகத் தீர்மானித்தல் ஆகாது என்ற அதன் அடிப்படை எண்ணம் சிந்தனைக்குரியது.

இலங்கையில் க.பொ.த. உயர்தரத்திற் சித்தியடைந்து பல்கலைக்கழகத் தகுதி பெறுவோருள் ஏறத்தாழ நால்வருள் ஒருவருக்கே அரச பல்கலைக்கழக அனுமதி கிட்டுகின்றது. எஞ்சிய மூவருள் வசதியுள்ளவர் பணம் செலுத்திக் கற்கின்றார். வசதியற்றவருக்கு 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் போன்ற சில வழிகளே உண்டு. அவையும் கட்டணம் வேண்டுவன. இலவசக் கல்வியின் நிழல் வாயிலின் உள்ளே அடர்ந்தும் வெளியே முற்றாக நீங்கியும் காணப்படுகின்றது.

முன்னுரிமைகள் எவை

பல்கலைக்கழகத்தின் முதற்கடமை அறிவை வளர்ப்பதே என்றும், பாடசாலைகளின் குறையைத் திருத்துவது அதன் பணியன்று என்றும் வாதிடுவோர் உளர். இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தகுதியைத் தளர்த்திய பல்கலைக்கழகம் தான் ஏற்றுக்கொண்ட ஏழை மாணவனுக்கே அநீதி இழைக்கின்றது; மதிப்பிழந்த பட்டத்தால் முதலில் பாதிக்கப்படுபவன் வேறு ஆதாரமற்ற அவனேயாவான். ஆயின் அறிவை வளர்த்தல் என்ற கடமையை முன்வைத்தே நோக்கினும், தன் வாயிலிலிருந்து ஒரு மணிநேரப் பயணத் தொலைவில் வாழும் சமூகத்தை அறியாத பல்கலைக்கழகம் அறிவுப்பணியை நிறைவு செய்ததாகக் கொள்ள முடியாது. தேயிலைச் செடி பற்றிய ஆய்விற்கென 1925இலேயே ஒரு நிறுவனம் தோன்றிவிட்டது. தேயிலை பறிக்கும் மக்களின் வரலாறு, மொழி, வாய்மொழி இலக்கியம், உடல்நலம், ஊதியம் ஆகியன பற்றிய ஆய்வு பல்கலைக்கழகங்களில் வேரூன்றுவதற்குப் பல பத்தாண்டுகள் பிந்தின.

மூன்று முன்னுரிமைகள் இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுகின்றன. முதலாவது, ஆசிரியர் உருவாக்கம். தோட்டப் பாடசாலையின் அடிப்படைக் குறை கட்டடமன்று. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றைத் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் ஆசிரியர் இன்மையே. இதனாலேயே பல்கலைக்கழகம் புகும் மலையக மாணவருட் பலர் கலைப்பீடத்தை மட்டுமே நாடவேண்டியவராயினர். மருத்துவ, பொறியியல், விவசாய பீடங்கள் பேராதனையிலேயே இருந்தும் அவை அவர்களுக்கு எட்டாத் தொலைவில் இருந்தன. 1990களின் தொடக்கத்தில் கொட்டகலை, பத்தனையில் சிறீபாத கல்வியியற் கல்லூரி செயற்படத் தொடங்கியமை ஒரு திருப்பம். ஆயின் ஆசிரியரின் ஆசிரியரை உருவாக்குவது பல்கலைக்கழகத்தின் கடமையாகவே உள்ளது.

இரண்டாவது, அனுமதியின் அலகைத் திருத்துதல். மாவட்டத்திற்குப் பதிலாக, அல்லது மாவட்டத்துடன் சேர்த்து, மாணவன் பயின்ற பாடசாலையின் வசதி நிலையையும் கணக்கிற் கொள்ளும் முறை வேண்டும். அவ்வாறு செய்தால், கண்டிப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை கணக்கிலே காணாமற் போகமாட்டாது; நுவரெலியாப் பக்கத்து வசதி படைத்தவர் பின்தங்கியவர் என்ற பெயரைப் பயன்படுத்தவும் இயலாது. இம்முறை தோட்டப் பாடசாலைக்கு மட்டுமன்றி மொனராகலையின் சிங்களக் கிராமத்துப் பாடசாலைக்கும் வன்னியின் பாடசாலைக்கும் ஒருங்கே பயன்படும் என்பதால், இனம் சார்ந்த சலுகை என்ற குற்றச்சாட்டிற்கும் இடமிராது.

மூன்றாவது, இடம். 1980கள் தொட்டு மட்டக்களப்பு, ஒலுவில், பெலிகுல்ஓயா, பதுளை, வவுனியா எனப் பல இடங்களில் அரச பல்கலைக்கழகங்கள் எழுந்துள்ளன. மலையகத்திற்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை பன்முறை எழுப்பப்பட்டும் நுவரெலியா மாவட்டத்தில் அது நிறைவேறவில்லை. இக்கோரிக்கையை ஆதரிப்போரும் ஓர் எச்சரிக்கையை மனங்கொள்ளல் வேண்டும். புதிய பல்கலைக்கழகமும் நாடளாவிய அனுமதி முறைக்கே உட்பட்டது. கீழுள்ள பாடசாலைகள் உயராவிடின், மலையகத்தில் நிறுவப்படும் பல்கலைக்கழகமும் மலையகப் பிள்ளைகள் வெளியே நின்று பார்க்கும் இன்னொரு கட்டடமாகிவிடும். பேராதனை தந்த பாடம் இதுவே.

முடிவுரை

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதன் பின்னர் பிறந்த தலைமுறையினர், பல தடைகளையும் மீறிப் பேராதனையிலும் பிற பல்கலைக்கழகங்களிலும் பட்டம் பெற்றுள்ளனர். ஆசிரியராகவும் மருத்துவராகவும் சட்டத்தரணிகளாகவும் விரிவுரையாளராகவும் அவர்கள் இன்று பணியாற்றுகின்றனர். திறமை மலைகளில் என்றும் இருந்தது என்பதற்கும், அதற்கு வழி திறக்கப்படவில்லை என்பதற்கும் அவர்களே சான்று. ஒரு பாடசாலை அரச அமைப்பிற்குள் வந்து இருபது, முப்பது ஆண்டுகளுள் பட்டதாரிகளைத் தரவல்லது எனின், 1945இலேயே அவ்வாறு வந்திருப்பின் இச்சமூகம் எய்தியிருக்கக்கூடிய நிலையை எவரும் ஊகித்தறியலாம்.

ஆகவே, அரச பல்கலைக்கழகம் ஒன்றின் சிறப்பை அதன் பட்டதாரிகளின் எண்ணிக்கையாலும் ஆய்வுக் கட்டுரைகளின் தொகையாலும் மட்டும் அளத்தல் போதாது. அதற்கு நிதி தரும் மக்களுள் மிகக் கீழ்நிலையில் உள்ளவரின் பிள்ளை, தன் பாடசாலையிலிருந்து அதன் வகுப்பறைவரை வந்து சேர்வதற்கு எத்தனை படிகள் உள்ளன, அவற்றுள் எத்தனை உடைந்துள்ளன என்று கணக்கெடுப்பதும் அதன் பணியேயாகும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நாட்டின் அந்நியச் செலாவணிக்கு உழைத்த மக்கள் இக்கல்விக்கான விலையை முன்னரே செலுத்திவிட்டனர். அவர்கள் கேட்பது சலுகையன்று. செலுத்திய விலைக்குரிய பங்கு.